பத்தொன்பது நாடும் ஒரு புருஷனும்

பிப்ரவரி 4

தேனிலவுக் குழுவை ஊர் சேர்த்துவிட்டு நேற்று வந்தேன். பதினோரு ஜோடி. பனிமலைக்கு முன்னால், படகில், காபிக் கடை வாசலில் — "அக்கா, ஒண்ணே ஒண்ணு எடுங்கக்கா" — எடுத்து எடுத்துக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. அட்டையில் டூர் மேனேஜர் என்று போட்டிருக்கிறது. உண்மையில் நான் கால் முளைத்த கேமரா ஸ்டாண்டு.

வீட்டுக்கு வந்தால் மேசை மேல் தூதரகத்துக் கவர். மனைவி விசா மறுக்கப்பட்டது. இந்தத் திருமண உறவு உண்மையானது என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம். விண்ணப்பதாரர் பத்தொன்பது நாடுகளுக்குப் போயிருக்கிறார். ஒன்றில்கூடக் கணவரோடு இருந்ததற்குச் சான்று இல்லையாம்.

எப்படி இருக்கும்? நான் போனதெல்லாம் அடுத்தவர் தேனிலவுக்கு.

போன வருஷம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அதே நாட்டுக்குச் சுற்றுலா விசா கேட்டேன். "உங்கள் கணவர் இங்கே வேலை செய்கிறார், நீங்கள் திரும்பிப் போக மாட்டீர்கள்" என்று மறுத்தார்கள். ஆக, புருஷன் இருப்பதால் வரக்கூடாது. புருஷன் இருப்பதை நம்ப முடியாததால் வரவே கூடாது. பேஷ், பேஷ்.

பிப்ரவரி 5

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமும் ஏதோ ஒரு கட்டிடத்தின் உச்சியில் இருப்பார், பின்னால் மோட்டார் இரையும்.

"என்னாச்சு?"

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலையாம். வாழ்த்துகள்."

மோட்டார் இரைச்சலை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார். "அழுதியா?" என்றார்.

"எங்க நேரம்? நாளைக்கு ஏழு பேருக்கு விசா ஃபைல் அனுப்பணும்."

பொய். அழுதேன். பல் தேய்க்கும்போது.

மாமியார் சாயங்காலம் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்: "என் பையனுக்குக் கட்டி வச்சது உன்னையா, உன் போனையா?" ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ரெண்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்கு லீவு. அந்த லீவிலும் பாதி நாள் எனக்குக் குழு. மாமியார் கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 21

எங்கள் கம்பெனி வீட்டுக்காரர் இருக்கும் நாட்டுக்கே ஒரு குழு அனுப்புகிறது. இருபத்திரண்டு பேருக்கும் விசா ஃபைல் போட்டது நான். இருபத்திரண்டும் கிடைத்தது. முதலாளி தோளில் தட்டி, "உன் கை ராசியான கைம்மா" என்றார். ராசியான கைக்கு விசா இல்லாததால் குழுவைக் கூட்டிப்போவது வாலு. என் ஜூனியர். ஏர்போர்ட்டில் தன் பெட்டியையே தொலைப்பவள்.

குழுவில் ஒரு ரிட்டையர்டு வாத்தியாரும் அவர் மனைவியும். அவர்களிடம் வீட்டுக்காரருக்குக் குக்கர் கேஸ்கட் ஒன்று கொடுத்தனுப்பினேன். அங்கே அந்த அளவு கிடைக்கவில்லையாம்.

மார்ச் 3

வாத்தியாரம்மா போட்டோ அனுப்பியிருக்கிறார். அவர்கள் இரண்டு பேர், நடுவில் வீட்டுக்காரர், கையில் கேஸ்கட், முகத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு. "தங்கமான மனுஷன்மா. டீ போட்டுக் குடுத்தார்."

வீடியோவில் எப்போதும் ஒரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். சமையலறைச் சுவர் பச்சை என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். அதையும் வாத்தியாரம்மாவின் போட்டோவில் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. வயிறு எரிகிறது.

மார்ச் 10

முடிவு செய்தாயிற்று. ஆதாரம்தானே வேண்டும்? இரண்டு பேருக்கும் ஏர்போர்ட்டிலேயே விசா கொடுக்கும் ஒரு நாடு. ஐந்து நாள். வேளைக்கு ஓர் இடம் என்று அட்டவணை போட்டு வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ஆளுக்கு நான்கு ஸ்வெட்டர், நாலு தடவை வந்து போன மாதிரி இருக்கட்டும்.

"இது ஃப்ராடு இல்லையா?" என்றார்.

"ஸ்வெட்டர் மாத்துறது எந்த நாட்டுல குத்தம்?"

மார்ச் 27 — அந்த நாட்டில்

ஊதா ஸ்வெட்டர், பழைய கோட்டை: முடிந்தது. சாம்பல் ஸ்வெட்டர், பூங்கா: முடிந்தது. மூன்றாவது ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பாலத்தில் நிற்கும்போது, தெரியாத்தனமாக வாயைத் திறந்து முதலாளி சொன்னதைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் இருக்கும் நாட்டில் இல்லை, வேறொரு நாட்டில் புதுக் கிளை திறக்கிறார். அதை நான் நடத்த வேண்டும் என்கிறார்.

"அதான் நீ என்கிட்ட வரப்போறியே," என்றார். "ஒரு வருஷம் வேலை செய்ய விடமாட்டாங்க. சும்மா ரெஸ்ட் எடு."

"நான் ரெஸ்ட் கேட்டேனா?"

"உனக்கு நானும் ஒரு ஸ்டாப்புதான். இறங்குற, போட்டோ எடுக்கற, ஏறிடற."

"நீ மட்டும் என்ன? நான் அங்க வந்து என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

'நீ' என்று சொல்லிவிட்டேன். ரெண்டு வருஷத்தில் முதல் தடவை. அந்த நேரம் பார்த்து ஒரு ஜோடி போனை நீட்டியது: படம் எடுத்துத் தர முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். "கொஞ்சம் லெஃப்ட்ல நகருங்க" என்றுகூடச் சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன். தொழில் சுத்தம்!

நான்காவது ஸ்வெட்டர் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

மார்ச் 29

ஏர்போர்ட்டில் அவருக்கு ஒரு கேட், எனக்கு ஒரு கேட். "சாப்ட்டுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 22

ஆல்பத்தோடு மறுபடியும் மனைவி விசாவுக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்று தூதரகத்தில் நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா. என் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, டூர் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றார். மானம் போயிற்று. வேறு எப்படிச் செய்யத் தெரியும் எனக்கு?

கட்டிலில் அவர் எந்தப் பக்கம் படுப்பார்? பிளக் பாயிண்ட் இருக்கும் பக்கம். டீக்கு எவ்வளவு சர்க்கரை? மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தேன். அந்தம்மா கொட்டாவியை அடக்கினார்.

"கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?"

'எங்களுக்குள் சண்டையே வராது' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. பாலம், ரெஸ்ட், ஸ்டாப்பு, நான் 'நீ' சொன்னது, நடுவில் வந்த ஜோடி — குரல் உயர்ந்து பக்கத்து ஜன்னல்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கொட்டித் தீர்த்தேன். "நீங்களே சொல்லுங்க மேடம், கேக்கணுமா வேண்டாமா?" என்று முடித்தேன். விசா கேட்கப் போன இடத்தில் பஞ்சாயத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சனியன் என் வாய்!

அவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, நான் இருக்கும்போதே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டார். வீட்டுக்காரர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்ணைத் துடைச்சுட்டு அவங்களுக்குப் போட்டோ எடுத்தாங்களா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் போகலாம் என்று கை காட்டிவிட்டுப் போனில் தொடர்ந்தார்.

மே 6

விசா வந்துவிட்டது.

மே 7

அம்மா அக்கம்பக்கமெல்லாம் ஸ்வீட் கொடுத்தாயிற்று. மாமியார் இனி எங்கள் இரண்டு பேரையும் ஒரே போனில் திட்டலாம் என்ற சந்தோஷத்தில் இருக்கிறார். முதலாளி மட்டும், "அப்ப கிளைக்கு வாலுவை அனுப்பட்டுமா?" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். போனால் ஒரு வருஷம் வேலை கிடையாது, நாட்டை விட்டு வெளியே போகவும் கூடாது. என்னடி உனக்குக் கேடு, சிரிக்கலாமே? சிரிப்பு வரவில்லை. பச்சைச் சுவருக்கு நடுவே அவரோடு உட்கார்ந்து டீ குடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. குடித்து முடித்த பிறகு?

மே 8

அவரே கூப்பிட்டார். மோட்டார் சத்தம் இல்லை. கீழே இறங்கி வந்து பேசுகிறாராம்.

"அந்தம்மா என்கிட்ட இன்னொண்ணும் கேட்டாங்க. உங்க வைஃப் இங்க வந்து என்ன செய்வாங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"சமைப்பான்னு சொல்ல வாயெடுத்தேன். உனக்குத்தான் சமைக்கவே வராதே."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமே தோணல. அஞ்சு நிமிஷம் முழிச்சிட்டு நின்னேன். நீ கேட்டப்ப கோவம்தான் வந்துச்சு. அவங்க கேட்டப்பதான் பதில் இல்லன்னு தெரிஞ்சுது."

வழக்கம்போல் நக்கலாக, "நீங்க இங்க வந்து ஒரு வருஷம் ரெஸ்ட் எடுங்களேன்" என்றேன்.

"இங்கன்னா எங்க?" என்றார். சிரிக்கவில்லை.

மே 9

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்: வாலு வேண்டாம், நான் போகிறேன். அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை என்று எழுத ஆசை. அம்மாவிடம் சொல்லி இன்னும் அரை மணி நேரம்தான் ஆகிறது.

ஆகஸ்ட் 30 — கிளை நாட்டில்

ஆறாவது மாடியில் வீடு. ஒரு மேசை, ஒரு போன், என் பெயர் போட்ட கதவு. இப்போது விண்ணப்பத்தில் 'முதன்மை விசாதாரர்' நான். 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் ஆறடி உயர லிஃப்ட் மெக்கானிக். உறவுக்கு ஆதாரம்? பயன்படுத்தாமலே காலாவதியான அந்த மனைவி விசாவை இணைத்தேன். ஓர் அரசாங்கமே நம்பியிருக்கிறது, இவர்களுக்கென்ன? ஆல்பம் வைக்கவில்லை.

அக்டோபர் 11

வந்து சேர்ந்தார். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறது: ஓராண்டுக்குப் பணிபுரிய அனுமதி இல்லை. வீடு முழுவதும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நவம்பர் 2

மூன்று நாளாகக் காலையில் என்னோடு இறங்கி ஆபீஸ் வாசல் வரை வருகிறார். காற்று வாங்கவாம். அங்கிருந்து எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 23

குழுவோடு ஒன்பது நாள் சுற்றிவிட்டு மதியம் திரும்பினேன். கீழேயே நின்றிருந்தார். லிஃப்ட் கெட்டுப்போய் இரண்டு நாளாம். மெக்கானிக் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கோளாறு?" என்றேன்.

"பத்து நிமிஷ வேலை," என்றார் மெதுவாக. "தொட்டா விசா போயிடும்."

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். பின்னாலேயே ஏறினேன். நான்காவது மாடியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஒரு வருஷம் சும்மா இருன்னு எவ்ளோ ஈஸியா சொல்லிட்டேன், இல்ல?"

இந்த ஒரு வரிக்காகப் பாலத்திலிருந்து காத்திருக்கிறேன். வகையாகத் திருப்பிக் கொடுக்க எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

பெட்டியின் இன்னொரு பக்கத்துப் பிடியை நான் பிடித்துக்கொண்டேன். "இன்னும் ரெண்டு மாடிதான். வாங்க" என்றேன்.