தும்பைப்பூவில் ஓர் எறும்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே உழவர்கரையில் எனக்கு வேலையும் தூக்கமும்தான்.

ஞாயிறன்று தெருவோரம் தும்பைப்பூவில் ஏறிய எறும்பைப் படமெடுக்க, செல்போனில் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை மாட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கை ஆடாமலிருக்க மூச்சை அடக்கியிருந்தேன். எதிர்வீட்டு ஸ்டெல்லாமேரி அக்கா, "இன்னாப்பா தொலைச்சிட்ட?" என்றார். அடக்கிய மூச்சில் என் கண் கலங்கியிருந்தது. அழுகிறேன் என்றே நினைத்துவிட்டார். "மோதிரமா? இரு, தேடலாம்" என்று நாலைந்து பேரைக் கூப்பிட்டார்.

எறும்பு போய்விட்டது. எல்லோரும் என்னோடு குனிந்து தேடினார்கள். ஊர், பேர், சாப்பாடு எல்லாம் விசாரித்தார்கள். எதுவும் தொலையவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லென்ஸ் துடைக்க உங்கள் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள்
கதிரேசன்