இரண்டாவது கயிறு

பொன்னேரியில் படிக்கும் என் அக்கா மகளுக்கு,

மாமன் எழுதுவது. இந்தக் காத்து வரும்னு நான் முன்னாடியே சொன்னேன். ஏரி என்னைக் கேட்டுத்தான் அலையே அடிக்கும்.

லீவுக்கு வந்தப்போ என் படகுக் கயிற்றை இழுத்துப் பார்த்து, "இன்னா மாமா, ஏனோதானோனு கட்டியிருக்கே?"ன்னு கேட்டியே. உடனே அந்தச் சொல் பிறந்த கதையையே சொன்னேன். ஒரே படகுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர். "நான் ஏன் கட்டணும்?"னான் அண்ணன். "அது தானா நிக்கும்"னான் தம்பி. படகு கடலுக்குப் போச்சு; அக்கறையில்லாம செய்யிற எல்லாத்துக்கும் அந்தப் பேர் மட்டும் மிஞ்சிச்சு.

நீ சிரிச்சுக்கிட்டே இன்னொரு கயிறு எடுத்துக் கரைப் பனையில இறுக்கிட்டு பஸ் ஏறிட்டே.

நேத்து விடியக்காத்தால அடிச்ச வாடைக்காத்துல பக்கத்து வீட்டு செங்கல்வராயன் படகு, ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துல பிளந்து கிடக்கு. என் கயிறும் அறுந்துபோச்சு. உன் கயிறு நின்னுச்சு. இல்லேன்னா நான் இந்நேரம் அடுத்தவன் படகுல கூலிக்கு நின்னிருப்பேன். உன் அத்தை அந்த முடிச்சுக்குப் பூ வெச்சிருக்கா. நீ நல்லா இருக்கணும் கண்ணு.

அண்ணன் தம்பி கதை நிசம், சத்தியமா. காத்து வரும்னு முன்னாடியே சொன்னேன்னு எழுதினேன் பாரு, அது மட்டும் இட்டுக்கட்டினது. நான் அன்னிக்குச் சொன்னது, "ஒரு கயிறு போதும், விடு"ன்னுதான்.

இப்படிக்கு,
இன்னும் சொந்தப் படகு வெச்சிருக்கிற உன் மாமன்