எம் இசட் செமிகோலன்

அண்ணே,

இன்று காலை என் கணினி உங்களைக் கூப்பிட்டது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வாசிப்பான் மென்பொருளைப் புதிதாகப் போட்டிருந்தேன். சோதிக்க, கைக்கு வந்த முதல் சொல்லை அடித்தேன். "அண்ணே" என்றது அந்தத் தட்டைக் குரல், பிசிறில்லாத தமிழில். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

நமக்கு அது "எம் இசட் செமிகோலன் என் இசட்" அல்லவா? நூல் மில் அலுவலகத்தில் தமிழ்க் கடிதத்தைத் திறந்தால், தமிழுக்காக அழுத்தும் ஆங்கிலச் சாவிகளைத்தான் நம் வாசிப்பான் ஒப்பிக்கும். கண் தெரிந்தவர்களுக்குத் தமிழ், நம் இருவருக்கும் அந்தக் குப்பை. நீங்கள் அதையும் ஒரு பாஷையாக்கிவிட்டீர்கள். "எம் இசட் செமிகோலன், டீ வந்திருச்சு" என்று நான் கூப்பிட்டால், "வாரேன் தங்கச்சி" என்று சிரிப்பீர்கள். கன்னிவாடியிலிருந்து தனியாக வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு பெரிய தைரியம்.

பிறகு மில்லுக்குப் பில் போடும் புதிய மென்பொருள் வந்தது. எல்லாம் படமும் பொத்தானுமாக இருந்தது. நம் வாசிப்பான் எங்கே போனாலும், அது என்ன படம் என்று சொல்லத் தெரியாமல், "கிராபிக், கிராபிக்" என்றது. வாசிப்பானின் புதுப் பதிப்பை வாங்கித் தரும்வரை பழைய பில் மென்பொருளிலேயே வேலை செய்கிறோம் என்று மேனேஜரிடம் சேர்ந்து கேட்கலாம் என்றீர்கள். "நம்ம ரெண்டு பேரும் ஒரே பேச்சா நிப்போம்" என்று சொன்னதும் நீங்கள்தான்.

அன்றைக்குக் கூட்டத்தில் மேனேஜர், "என்ன பாய், முடியுமா முடியாதா?" என்று கேட்டார். நீங்கள் எழுந்து போய்க் கணினி முன் உட்கார்ந்தீர்கள். சாவிகள் தடதடவென்று ஓடின, ஒரு பில் அச்சாகி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தனை நேரமும் உங்கள் கணினி "கிராபிக், கிராபிக்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அர்த்தம் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். எந்தச் சாவிக்குப் பின் எந்தச் சாவி என்று யாரையோ வைத்து மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"அவரு செய்றாருல்ல, ஒங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்றார் மேனேஜர். புதுப் பதிப்பு வரவில்லை. என்னை டெலிபோன் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாடிப்படியில் உங்களை நிறுத்திக் கேட்டேன். "அம்புட்டு பேரு முன்னால ஏலாதுன்னு சொல்லச் சொல்றியா?" என்றீர்கள்.

ஆமாம் அண்ணே, அதைத்தான் சொல்லச் சொன்னேன். ஏலாதது அந்த மென்பொருளுக்கு, நமக்கில்லை. அதை இரண்டு வாய் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும்.

கொஞ்ச நாளில் மென்பொருளை மாற்றியமைத்தார்கள். பொத்தான்கள் இடம் மாறின. உங்கள் மனப்பாடம் கவிழ்ந்து பில்லெல்லாம் தப்பானது. நீங்களும் டெலிபோன் மேசைக்கே வந்து சேர்ந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் பழைய பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடவில்லை.

நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்று கேட்டதும் நாகல் நகரிலிருந்து ஆட்டோ பிடித்துப் பேகம்பூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன். வாயில் வரவில்லை. இன்றும் வரவில்லை.

வாசிப்பான் தமிழ் பேசக் கற்றுவிட்டது. ஆனால் இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் போன வாரம் போட்ட மென்பொருளில் மறுபடியும் "கிராபிக், கிராபிக்". இன்று மதியம் கூட்டத்தில் கணினியின் ஒலியை முழுக்கக் கூட்டிவைத்து எழுந்து நின்றேன்.

"இது எனக்குப் பேசலை சார்" என்றேன். அம்புட்டு பேரு முன்னால, அண்ணே.