கிழக்குத் தெரு இல்லாத பட்டியல்

இன்று பள்ளிக்கூடத்தில் உன்னைப் பற்றிப் பொய் சொன்னார்கள். நீ போய் முப்பது நாள் ஆகிறது. மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைய, இப்போதைய தலைமை ஆசிரியர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: "அமைதியே உருவானவர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்." முன்வரிசையில் இருந்த மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர், எழுந்து நிற்கவே இருவர் பிடிக்க வேண்டிய வயதில், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அமைதியா, நீயா? பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திய எனக்கல்லவா உன் வகுப்பின் இரைச்சல் தெரியும்!

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் படுத்தவர்கள் நாம். எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் ஒரே பஸ் ஏறி இந்த ஊரில் வந்து இறங்கினோம். அப்போது குடிமையியல் என்றால் வரலாற்றுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்தான். பரீட்சைக்கு முந்தின வாரம் நாலு கேள்விக்கு விடை குறித்துக் கொடுத்தால் தீர்ந்தது. நீ ஒப்பவில்லை. "பஞ்சாயத்துன்னா என்னன்னு ஒப்பிக்க அது என்ன வாய்ப்பாடாடி? புள்ளைக உக்காந்து நடத்திப் பாக்கட்டும்" என்றாய்.

பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்குவாய். தலைவர், உறுப்பினர், எழுத்தர், குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரர். எடுத்த சீட்டுதான் அன்று அவர்கள் வேலை. எல்லாரும் பேசி முடிக்கும்வரை தலைவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது உன் விதி. ஒருநாள் கமிஷன் கடைக்காரரின் மகனுக்குத் தண்ணீர் வராத வீட்டுச் சீட்டு விழுந்தது. கிழக்குத் தெருவில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் மகள் முத்துமாரிக்குத் தலைவர் சீட்டு. அவன் நெளிந்துகொண்டே எழுந்து, "தலைவரு அவுகளே, எங்க தெருக் கொழாயில தண்ணி வரல" என்றான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "மனு எழுதிக் கொண்டாந்தீகளா? வாயால சொன்னா நாளைக்கு மறந்துபோவும்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பக்கத்து வகுப்பில் எனக்குக் கணக்கு தப்பிப் போனது.

தொண்ணூறுகளின் நடுவில், பல வருடம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வரைவு வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய் அதைக் கையால் படியெடுக்க வைத்தாய். திங்கட்கிழமை அதை வைத்து விளையாட்டு. அவரவர் வீட்டைப் பட்டியலில் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கண்டுபிடிப்பவருக்குக் கடலை மிட்டாய்.

"எங்க தாத்தா பேரு இருக்கு டீச்சர், அவரு செத்து மூணு வருசமாச்சு" என்று ஒருவன் கத்த, ஒரே சிரிப்பு. முத்துமாரி மட்டும் திரும்பத் திரும்பத் தாளைப் புரட்டினாள். பிறகு எழுந்தாள்.

"டீச்சர், எங்க தெருவே இல்ல."

நீ பழைய பட்டியலையும் கேட்டு வாங்கி வந்து அருகருகே வைத்தாய். பழையதில் கிழக்குத் தெரு இருந்தது, புதியதில் இல்லை. யார் செய்தது என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பேரு விட்டுப்போனா யாருகிட்ட கேக்கணும்? பாடத்துல இருக்கு, தேடுங்க" என்றாய். தேடினார்கள். பள்ளி விட்டபின் தெருவில் உட்கார்ந்து பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அவற்றைத் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அந்தத் தெருவின் பெரியவர்கள்தான். இறுதிப் பட்டியலில் பெயர்கள் வந்தன.

அடுத்த வாரமே கமிஷன் கடைக்காரர் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார். போட்டி இல்லாமல் தலைவராகிவிடலாம் என்று இருந்தவர். "சின்னப் புள்ளைகள வச்சு அந்த டீச்சரு அரசியல் பண்றாக. பாத்துக்கிட்டு இருக்கீகளா?" அந்தச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. மறுநாள் உன்மேல் ஒரு புகார்க் கடிதம் தயாரானது: பள்ளி நேரத்தில் மாணவர்களைத் தெருத் தெருவாக அலைக்கழித்தாய் என்று. பொய். ஆசிரியர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். எனக்குக் கைக்குழந்தை, மாற்றல் பயம். இதையெல்லாம் காரணம் என்று சொல்லவே கூசுகிறது. உனக்கும்தான் வீட்டில் படுக்கையில் அம்மா கிடந்தாள்.

விசாரணை நாளில் அந்தக் கடிதத்தை உன்னிடம் காட்டினார்கள். வெளியே வந்து என்னைப் பார்த்தாய். "ஒன் கையெழுத்து நாம ஒண்ணாப் படிச்சப்ப இருந்த மாதிரியே அழகா இருக்குடி" என்றாய். அவ்வளவுதான்.

உன்னை நரிக்குடிக்கு அந்தப் பக்கம் மாற்றித் தூக்கி அடித்தார்கள். தினம் இரண்டு பஸ், அதற்குமேல் நடை. தேர்தலில் அவரேதான் ஜெயித்தார். ஆனால் கிழக்குத் தெரு முழுக்க வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. அதைப் பார்க்க நீ இங்கே இல்லை. அது எனக்கு ஆறவில்லை. உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஏன் என் தலைமுடியைப் பிடித்து உலுக்கவில்லை? என் மகள் கல்யாணத்துக்கு வந்தாய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாய், பாயசம் நன்றாக இருக்கிறது என்றாய். வருடக்கணக்காக இப்படி ஒருவரைப் பொறுத்துக்கொள்வது கருணையா, தண்டனையா?

உன் வகுப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள். நான் விடைகளைக் குறித்துக் கொடுத்தேன். எல்லாரும் தேர்ச்சி.

இன்று கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தபோது முத்துமாரி வாசலில் நின்றாள். பந்தல்குடியில் கடை வைத்திருக்கிறாளாம், காதோரம் நரை. அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "ஒங்க டீச்சர் மேல போட்ட கடிதத்துல நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர். அந்தக் காகிதத்த வகுப்பு வகுப்பாக் கொண்டாந்ததே நான்தான். ஹெட்மாஸ்டரு குடுத்து விட்டாரு."

அன்று யார் கொண்டு வந்தார்கள் என்றுகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ போன பிறகு அந்த வருடத்தின் மீதி நாளெல்லாம் அவள் என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தாள்.

"ஒங்களத் தப்பா நெனைக்கல டீச்சர்" என்றாள். "சர்க்குலர்னு நெனச்சுப் படிக்காமப் போட்டிருப்பீக. நான் எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"இல்லம்மா" என்றேன். "படிச்சிட்டுத்தான் போட்டேன்."

அவள், போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். நீ என்மேல் காட்டாமல் போன கோபத்தை அவள் தந்துவிட்டுப் போனாள். அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை.