சன்னதித் தெரு செண்பகவல்லி விரும்பிக் கேட்டது

குற்றாலம்
2-8-1964

மரியாதைக்குரிய அத்தான் சுந்தரபாண்டியன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் குற்றாலிங்கம் கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் சுகம். சுகம் என்றால் உடம்புக்குச் சுகம். அங்கே அம்பாலாவில் வெயில் எப்படி, பட்டாளத்துச் சாப்பாடு எப்படி என்று எழுதவும்.

ஆவணியில் லீவு என்று எழுதியிருந்தீர்கள். பஸ்ஸை விட்டு இறங்குமுன்னே எவனாவது தங்களைப் பிடித்து ஒன்றுக்குப் பத்தாய் ஊதிவிடுவான். அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தங்கள் தங்கை செண்பகவல்லி இருபத்தொன்பது நாளாக வாய் திறக்கவில்லை. என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும். டாக்டரிடம் கூட்டிப்போனேன். தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்கிறார். சமைக்கிறாள், துவைக்கிறாள், தட்டை வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

வல்லிநாயகம் அண்ணாச்சி இந்தச் சீசனுக்கு லாட்ஜ் மாடியில் ஒலிபரப்பு நிலையம் வைத்திருப்பதை முன்னமே எழுதினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தருவி ரோடு வரை பதினோரு ஒலிபெருக்கிக் குழாய். விடியக்காலம் பக்திப் பாட்டு, அப்புறம் நாதஸ்வரம், நடுநடுவே எண்ணெய்க்கடை விளம்பரம், காணாமல்போன பிள்ளைகளின் அடையாளம், சாயங்காலம் ஆறு மணிக்கு நேயர் விருப்பம். எந்த இசைத்தட்டுக்குப் பின்னால் எந்தத் தட்டு என்று வைப்பதும் நான்தான், பேசுவதும் நான்தான். சாரல் விழும்போது சோகப் பாட்டுப் போட்டால் ஜனம் அறைக்குத் திரும்பிவிடும், கடை ஓடாது. இதெல்லாம் யாருக்குத் தெரியும்? என் குரலைக் கேட்கவே மதுரையிலிருந்து ஆள் வருதான் என்று அண்ணாச்சியே சொன்னார்.

அப்படி இருக்கையில் விருப்பப் பெட்டியில் ஒரு சீட்டு வந்தது. சன்னதித் தெரு செண்பகவல்லி. பாட்டின் பெயர் எழுதுகிற இடத்தில், எந்தப் பாட்டானாலும் சரி என்று இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. வீட்டில் இருக்கிற பொம்பளைக்கு எதற்கு இந்தக் கிறுக்கு? பேசாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். மைக்கைக் கண்டால் என் நாக்கு சும்மா கிடக்காதே! செண்பகவல்லி அம்மா, பாட்டு கிடக்கட்டும், முதலில் சோற்றை வடி, நேற்றும் குழைத்துத்தானே போட்டே என்று சொல்லி வைத்தேன்.

அத்தான், பஜாரே சிரித்தது. ஈரத்துண்டோடு நின்றவனெல்லாம் கைதட்டினான். அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்து தோளைத் தட்டி, ஏலே, இதை நாளைக்கும் சொல்லுலே என்றார். முதலாளி சொன்னால் தட்ட முடியுமா? அன்றிலிருந்து ஆறு மணி ஆனால், செண்பகவல்லி, சோத்தை வடிச்சாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் முதல் தட்டு. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் விளம்பரம் போட லாட்ஜ்காரர்களுக்குள்ளே போட்டி.

இவளுக்குத்தான் பொறுக்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்கிறார்களாம். பலசரக்குக் கடையில் அரிசி அளக்கிறவன் கேட்கிறானாம். அருவியில் பொம்பளைகள் பக்கம் குளிக்கப் போனால், ஊர் பேர் தெரியாதவள்கூட, ஏட்டி, நீதானா அந்தச் செண்பகவல்லி என்கிறாளாம். இதையெல்லாம் வந்து அழுதாள். நாலு பேர் சிரித்தால் உன் மேல் ஒட்டிக்கொள்ளுமா, போடி என்றுவிட்டேன்.

ஒருநாள் நிலையத்துக்கே வந்துவிட்டாள். தட்டு முடிந்து அடுத்ததை எடுக்கிற நேரம். உங்க காலில விழுதேன், என் பேரை விட்டிருங்க, தெருவில தலைகாட்ட முடியலை என்று தேம்பித் தேம்பிச் சொன்னாள். அத்தனையும் பதினோரு குழாயிலும் போயிற்று. மைக் திறந்திருந்தது. தெரியாமல் நடந்தது என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன். தங்களிடம் மறைக்கவில்லை, எனக்குத் தெரியும். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவளுக்கும் தெரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு மூடின வாய்தான்.

பக்கத்து வீட்டு ஆசியாதான் பிறகு என்னை வழிமறித்துச் சொன்னாள். ஊரில் உள்ள பேரையெல்லாம் அந்த வாய் அம்புட்டு அழகாச் சொல்லுது, ஏழு வருசத்தில் என் பேரை ஒரு தடவை சொன்னதில்லை, ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று இவள் ஆசியாவிடம் சொல்லித்தான் சீட்டைப் போட்டாளாம். நான் கேட்கிறேன், எந்த ஊரில் எவன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்? தாங்கள் கூப்பிடுகிறீர்களா? இதை என்னிடம் வாயால் சொல்லியிருந்தால் ஆகாதா?

நான் சும்மா இருக்கவில்லை. சேலை எடுத்துக் கொடுத்தேன். கெஞ்சினேன். ஒருநாள் கையும் நீட்டிவிட்டேன். வீட்டில் செண்பகவல்லி, செண்பகவல்லி என்று பத்துத் தடவை கூப்பிட்டும் பார்த்தேன். காது கேளாதவள் மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சரியான கோபம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார்த்தி, ஓடுகிற தட்டை நிறுத்தினேன். ஊரே கேட்கிறது, இப்போதாவது பேசுவாயா மாட்டாயா பார்ப்போம் என்று சொன்னேன். அவள் பேசவில்லை. நானும் விடவில்லை. குழாயெல்லாம் ஊமையாய் நின்றன. வைகாசியில் பிரதமர் காலமான சேதி வந்த அன்றுதான் இப்படித் தட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தோம். அதே நினைப்பில் பஜாரில் ஒவ்வொரு கடையாய்ப் பலகை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாடிப்படி நிறைய ஆள். யாரு போயிட்டாவ, யாரு போயிட்டாவ என்று ஒரே கேள்வி. அண்ணாச்சி என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். யாரும் சாகவில்லை, கடையைத் திறங்கள் என்று மைக்கில் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, அத்தான்.

ஆறு மணிக் கேள்வியை நிறுத்தும்படி எழுதிவிடாதீர்கள். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நிறுத்தினால் அண்ணாச்சி வேறு ஆள் பார்ப்பார்.

தாங்கள் ஒரு வரி எழுதினால் கட்டுப்படுவாள். என்னைத் திட்டச் சொல்லுங்கள். வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, என் பேரைச் சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். துணிமணியை மூட்டை கட்டி வாசல் பக்கமே வைத்திருக்கிறாள். தாங்கள் வந்து அழைத்துப் போவீர்கள் என்ற நினைப்பு போலிருக்கிறது. நான் தடுக்கவில்லை. வாயைத் திறந்து, போறேன் என்று ஒரு சொல் சொல்லட்டும், அன்றைக்கே பஸ் ஏற்றி விடுகிறேன். சொல்லாதவரைக்கும் அனுப்பமாட்டேன், தாங்களே நேரில் வந்தாலும் சரி.

குற்றாலநாதர் தங்களை ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குரிய
குற்றாலிங்கம்