கையை எடுத்தால் படம் போய்விடும்

ஞாயிறு, இரவு.

காலையில் ராஜபாளையத்தில் என் பழைய சிநேகிதன் அன்வரின் மகளுக்கு நிக்காஹ். நேரலைக்கு நான்தான் பொறுப்பு. அன்வருக்கு லீவு கிடைக்கவில்லை, சவுதியில் தம்மாமில் இருக்கிறான். ஊரில் எல்லோருக்கும் படம் ஓடியது; பெண்ணைப் பெற்றவனுக்கு மட்டும் நின்று நின்று போனது. அவ்வளவு தூரத்துக்கு சர்வரில் படத்தை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபர் போதவில்லை. போனில் அவனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

“வருதுலே… ஏ, போச்சு! இன்னும் கூட்டு.”

சின்ன வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டு மாடியில் நான் டிவி ஆண்டெனாவைத் திருப்புவேன். கீழேயிருந்து இப்படித்தான் கத்துவான். கையை எடுத்தால் படம் போய்விடும். கம்பியைப் பிடித்தபடியே நிற்பேன். அந்த வீட்டில் ஒரு படமும் நான் முழுதாகப் பார்த்ததில்லை.

நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் ஓதத் தொடங்கும்போது படம் நின்றுவிடாமல் ஓடியது.

“வந்துருச்சுலே! அப்படியே விட்டுட்டு எறங்கி வா.”

 

சர்வருக்கு என் கை தேவையில்லை என்று தெரியும். ஆனாலும் துஆ முடியும்வரை கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், மாப்பிள்ளை எப்படி என்று.

நான் பார்க்கவே இல்லை.