குட்டைக் கிராங்க்

இன்று காலை உன் கிராங்க் வந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு உறைக்கவில்லை. அட்டைப் பெட்டியைக் கிழித்ததும் புது கிரீஸ் வாசனை குப்பென்று வந்தது. கறுப்பாக, பளபளவென்று, நூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். உன் சைக்கிளில் பெடலைத் தாங்க வேண்டிய கை. செத்து ஒன்றரை மாதம் ஆனவனுக்குச் சாமான் வருகிறது. உனக்கு வெட்கமாக இல்லையா?

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெட்டியை மூலையில் விசிறி அடித்தேன்.

ஐம்பதைத் தாண்டியபிறகு நாம் இருவரும் சேர்ந்து பிடித்த கிறுக்கு இது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற போட்டி. ஏரி நிறைந்திருந்தால் தென்னேரியில் நீந்துவோம். பெங்களூர் ரோட்டில் திருப்புட்குழியைத் தாண்டி மிதிப்போம். பேரன் பேத்தி எடுத்த தறிக்காரன் நீயும் கணக்கு வாத்தியார் நானும் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் ஓடினால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நீயும் சேர்ந்து சிரிப்பாய். எனக்குத்தான் கூச்சம்.

கிராங்கைக் குட்டையாக்கலாம் என்று முதலில் கிளப்பியது நீ. ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து ஓட்டும்போது முட்டி மேலே ஏறி, தொடை தொப்பையை முட்டுகிறது, மூச்சு இழுக்க இடமில்லை என்றாய். கிராங்க் குட்டையானால் பெடல் சுற்றும் வட்டம் சின்னதாகும், முட்டி அவ்வளவு உயரம் வராது. நம்மோடு ஓட்டும் பையன்கள், வேகம் போய்விடும் அங்கிள் என்றார்கள். நீ விடவில்லை.

“தறியில மிதிபலகைய நெய்யற ஆளு காலுக்குத் தக்கனதான கட்டறோம்? சைக்கிளுக்கு மட்டும் கம்பெனிக்காரன் வெச்சதுதான் அளவா? போபா.”

உன் தறிக் கொட்டகையிலேயே சைக்கிளைச் சாய்த்து வைத்து, பழைய கிராங்கைக் கழற்றி நூற்று அறுபத்தைந்து மாட்டினோம். சீட்டை அதற்குத் தக்க உயர்த்த மறந்துவிட்டு, முதல் நாள் உன் முட்டி வலித்ததற்கு என்னைத் திட்டினாய். சீட்டை ஏற்றியதும் நிஜமாகவே நன்றாக இருந்தது. முட்டிவலி போய்விட்டது, மூச்சும் தாராளமாக வருகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அது மட்டும் பலிக்காமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் அதற்குப் பிறகு உன் உடம்பு சொன்னதற்கெல்லாம் கிராங்கே பதிலாகிவிட்டது. தாமல் பக்கத்து மேம்பாலத்தில் ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கியது. செயின் சத்தம் போடுகிறது என்று சொல்லி இறங்கி நிற்பாய். செயினில் ஒரு சத்தமும் கிடையாது. கேட்டால், தொடை இன்னும் முட்டுகிறது, இன்னும் கொஞ்சம் குட்டையாக்கணும் என்பாய். நூற்று அறுபது போட்டோம். ஒரு வாரம் சந்தோஷம், மறுபடியும் அதே பாலம், அதே செயின். உன் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே பள்ளிக்கூடத்துப் பெரிய கோணமானியை வைத்து அளந்தேனே, நினைவிருக்கிறதா? சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, யோக்கியன் போல நின்றாய். நெஞ்சுக்குள் இருந்ததை மறைத்துக்கொண்டு இடுப்பை அளக்கக் கொடுத்தாய்!

அடுத்தது இந்த நூற்று ஐம்பத்தைந்து. உள்ளூரில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உன் வீட்டில் அண்ணி பார்த்தால் திட்டுவாள் என்று என் பேரில் ஆர்டர் போடச் சொன்னாய், போட்டேன். அது வருவதற்குள் ஒரு நாள் கொட்டகையில் பாவு நூல் சுற்றிய உருளையைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தாங்கவில்லை.

இந்த வயதில் சைக்கிள் தேவையா, அதுதான் கொன்றுவிட்டது என்று தெருவில் பேசினார்கள். அவர்களோடு மல்லுக்கு நின்றேன் நான்.

பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. இதயத்தில் அடைப்பு இருக்கும்போல, உடனே ஆஞ்சியோ எடுக்கவேண்டும் என்று டாக்டர் உன்னிடம் சொல்லி மாதக்கணக்காகிறதாம். போட்டி முடியட்டும் என்றாயாம். அண்ணி சண்டை போட்டதற்கு, வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன், மெதுவாக ஓட்டலாம், போட்டி முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார் என்றாயாம். அண்ணி இதை உன் அக்காவிடம் சொல்லிக்கொண்டே என் இலையில் சோறு வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடப்பாவி! என்னிடம் தொடை மேல் பழி போட்டாய். அண்ணியிடம் என்மேல் போட்டாய். என்னிடம் சொல்லியிருந்தால் உன்னைத் தறிக் கயிற்றாலேயே கட்டி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பேன். அது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பதக்கத்துக்கா? நம் வயதுப் பிரிவில் மொத்தமே பத்துப் பேர்கூட வரமாட்டார்கள், அதில் எதற்கடா இந்தத் திருட்டுத்தனம்?

இன்று அந்தப் பெட்டியைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அண்ணி, எனக்கு ஒன்றும் தெரியாது, அவன் உங்களிடம் சொன்னது பொய் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது. வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் வாயெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

“உங்க மேல எனக்குக் கோவம் இருக்குது வாத்தியாரே. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. யாராண்டயும் சொல்லாம, ஒண்டியா மனசுல வெச்சிக்கினு பயந்துக்கினே போயிருந்தாருன்னா என்னால தாங்க முடியாது. உங்களாண்டயாவது வாய் விட்டு சொன்னாரே. அத நெனச்சித்தான் ராத்திரில கண்ண மூடறேன்.” கொஞ்சம் நிறுத்தி, “சொன்னாரில்ல?” என்று கேட்டாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் என் வாயில்தான் இருந்தது.

“சொன்னாரு அண்ணி,” என்றேன்.

“பயந்தாரா?”

“கொஞ்சம் பயந்தாரு. தைரியம் சொன்னேன்.”

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தெரிந்தும் ஓட விட்டீர்களே, நீங்கள் எல்லாம் படித்தவரா என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

இனி இந்த ஊரில், தெரிந்தும் சும்மா இருந்தவன் நான். கோயிலில் எதிரே வந்தால் அண்ணி ஒதுங்கிப் போவாள். உன் பெண்ணும் அப்படித்தான் பார்ப்பாள். நீ பயந்தாயா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது, உன் பயத்துக்கு நான் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நிஜமாகவே ஒருநாள், அந்தப் பாலத்தின் மேல் நின்றபோதாவது, எனக்குப் பயமாக இருக்குது என்று என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையாடா நீ?